ஒரு தட்டு நில், ரெண்டு தட்டு போ

குனோங் ராபாட், ஈப்போ
புதன்கிழமை, காலை மணி ஒன்பது

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வரை என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரியவனாக இருந்த மச்சான் உடையப்பனுக்கு, உன் அக்காள் கணவன் பத்துமலை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா நல்லம்மாளும் ஆண்டவன் புண்ணியத்தில் சுகம். காடி சுகமில்லை. பின்பக்க பம்பர் ஒரு ஓரமாகத் தொங்குகிறது. அங்கே தெலுக் இந்தானில் நீயும் குடும்பத்தாரும் சுகமாகவே இருப்பீர்கள். அடுத்தவன் தலையில் கல்லைப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனவனுக்கு சுகத்துக்கு என்ன குறைச்சல்?

வாட்ஸாப்பில் அனுப்பாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாட்ஸாப்பில் நான் ஏழு முறை அனுப்பினேன். ஏழுக்கும் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. தவிரவும் இது எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். நாளைக்கு நீ 'அத்தான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று மாற்றிப் பேச முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் ஷா ஆலாமிலிருந்து என் மகள் தினேஸ்வரி போன் போட்டாள். எடுத்த எடுப்பில், "அப்பா, உடையப்பன் மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. சனிக்கிழம வாரேன், காடிய எடுத்துக்கிட்டுப் போறேன், சாவிய அம்மாகிட்ட குடுத்து வைங்க" என்கிறாள். அந்தக் காடியை மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை உன் அக்காவை இனிப்புநீர் வியாதிக்காகக் கிளினிக்குக்கு ஏற்றிப்போவது யார்? பாசாருக்குப் போவது யார்? கோயிலுக்குப் போகும் கிழவிகள் மூன்று பேரை வழியில் ஏற்றி இறக்குவது யார்? முப்பத்தோரு வருஷம் தோட்டத்தில் லோரி ஓட்டியவனிடம் சாவியைப் பிடுங்கினால் அப்புறம் அவன் யார்? நீ அவளிடம் என்ன சொன்னாயாம்? "அத்தானுக்குக் காதும் போச்சு, கண்ணும் போச்சு, அறுபத்தெட்டு வயசுல அவருக்குக் காடியே சரிப்படாது" என்றாயாம். நல்லா இருக்குடா மச்சான் நியாயம்! ஆகவே சனிக்கிழமைக்குள் நீ அவளுக்குப் போன் போட்டு, நடந்தது உன் தப்பு என்று உன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் பீடோர் விஷயம். அதையும் அவளிடம் போட்டுக் கொடுத்திருக்கிறாய். போன மாதம் உன்னை ஏற்றிக்கொண்டு பீடோரில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனேன் அல்லவா, சிவப்பு விளக்கில் காடி நின்றபோது உன் பல்செட் கழன்று முன் ஸீட்டுக்குப் போய்விட்டது, உண்மைதான். காரணம் என்ன? லோரி ஓட்டியவன் நிறுத்தப்போகிறான் என்றால் இடது கால் தானாகக் கிளச்சைத் தேடும். முப்பத்தோரு வருஷம் அது அங்கே இருந்தது. இந்தக் காடியில் கிளச்சே இல்லை, ஆட்டோ. தேடிப் போன இடது கால் பிரேக் மேல் ஏறி நின்றுவிட்டது, கிளச்சை மிதிக்கிற பலத்தோடு. நான் ஒன்று கேட்கிறேன், காடி நின்றதா இல்லையா? நின்றது! நிற்க வேண்டிய இடத்துக்கு ரெண்டு முழம் முன்னாலேயே நின்றது. பாதுகாப்பாக ஓட்டுவது என்றால் நிறுத்துவதுதானே? அன்றிலிருந்து நான் இடது கால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை மடக்கி ஸீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இந்தச் சீர்திருத்தத்தைப் பற்றி நீ தினேஸ்வரியிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

அந்தக் காடிக்கு வாய் வேறு ஜாஸ்தி. கதவு திறந்தால் கத்தும், பெல்ட் போடாவிட்டால் கத்தும், கோடு தாண்டினால் கத்தும். அதே கல்யாணத்துக்கு நாலு தம்பூன் பம்ளிமாஸ் பழத்தைப் பையில் போட்டு முன் ஸீட்டில் வைத்தேன், பம்ளிமாஸுக்கு பெல்ட் போடு என்று சிம்பாங் பூலாய் தாண்டும் வரை கத்தித் தீர்த்தது. ஓரமாக நிறுத்தி, பையைக் கட்டிப்பிடித்து பெல்ட் மாட்டினேன். பின்னால் நீ பெல்ட் இல்லாமல் காலை நீட்டிக்கொண்டு வந்தாய், உன்னைப் பற்றி அது ஒரு சத்தம் போடவில்லை. உன்னைவிட பம்ளிமாஸுக்கு மதிப்பு என்று காடிக்கே தெரிந்திருக்கிறது!

ஹார்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறாய். ஆமாம், நான் ஒவ்வொரு மூலைக்கும் ஹார்ன் அடிப்பேன். தோட்டத்து மண் ரோட்டில் மூலைக்கு மூலை ஹார்ன் அடிக்காமல் போனால், ரப்பர் பால் வாளியோடு சைக்கிளில் வருகிறவன் நேரா வந்து மடியில் விழுவான். எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏழு மூலை. ஏழு ஹார்ன். தெருவில் எல்லாருக்கும் நான் கிளம்பிவிட்டேன் என்று தெரியும், பிள்ளைகள் ஓரமாக நிற்கும், பூனைகூட எழுந்து போய்விடும். இதுல என்னா குத்தம் கண்ட நீ?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வாரேன். நீயும் நானும் ஒரே தோட்டத்துல பொறந்து வளந்தவங்க. அதனாலதான் எனக்கு இவ்வளவு ஆத்திரம். வேற ஊர்க்காரனா இருந்தா மன்னிச்சிருப்பேன். லோரியை ரிவர்ஸ் எடுக்குறப்ப என்னா முறை? கூட வர்ற கெலிண்டான் எறங்கிப் போயி பின்னால நிப்பான். டிரைவர் திரும்பிப் பாக்க மாட்டான், பாக்கவும் முடியாது, பின்னால பூரா செம்பனைக் குலை. பின்னால பாக்குறது கெலிண்டான் வேல, எண்ணெய மிதிக்கிறது டிரைவர் வேல. கெலிண்டான் தகரத்துல ஒரு தட்டு தட்டுனா நில். ரெண்டு தட்டு தட்டுனா போ. என் கெலிண்டான் ஐயாவு இருபத்தி ரெண்டு வருஷம் இப்படித்தான் தட்டுனான், நான் இப்படித்தான் ஓட்டுனேன், ஒரு தூண் சாஞ்சது கெடையாது, ஒரு கோழி செத்தது கெடையாது. நீ சின்னப் பையனா இருக்குறப்ப அதே லோரியில தொத்திக்கிட்டு வந்து தட்டி வெளையாடுனவன். உனக்குத் தெரியாதா?

அன்னிக்கு உன்னை பஸ் ஸ்டேஷனுக்கு ஏத்திப் போகக் காடிய போர்ச்சிலேருந்து பின்னால எடுக்குறேன். உன் அக்கா உனக்குக் குடுத்து விடுறதுக்குப் பழம் எடுக்க வீட்டுக்குள்ள போயிட்டா. நீ எறங்கி வலது பக்கம் நிக்கிற. நான் முறைப்படி முன்னாலயே பாத்துக்கிட்டு, மெதுவா, தேங்கா உருளுறாப்புல விடுறேன். காடி டிட் டிட் டிட்டுன்னு கத்துது. அந்தக் கத்தல் யாருக்கு? கெலிண்டான் இல்லாத அநாதைங்களுக்கு. எனக்குத்தான் நீ நிக்கிறியே! மெஷின் கத்துறத நம்புறதா, சொந்த மச்சான் தட்டுறத நம்புறதா? அப்பத்தான் கேட்டுச்சு, டம், டம். ரெண்டு தட்டு. ரெண்டு தட்டுன்னா என்னா? போ! போன்னு சொன்ன, போனேன். ஒரு பொட்டு எண்ணெய் மிதிச்சேன், அவ்வளவுதான், பின் சக்கரம் சாக்கடை மேல போட்ட வாசல் பலகைய விட்டு எறங்கி லோங்காங்குல தொம்முன்னு விழுந்துச்சு. நீ அங்க நின்னுக்கிட்டு, "அலாமாக் அத்தான், நில்லுன்னுதானே தட்டுனேன்"ங்குற. நில்லுன்னா எதுக்குடா ரெண்டு தட்டு? கேட்டா, "நான் ஒரு தட்டுதான் தட்டுனேன்"னு தெருவே பாக்கச் சாதிக்கிற. காது போனவனுக்கு ஒரு தட்டு கேக்காம வேணா போகும், ஒண்ணு ரெண்டாவா கேக்கும்? நீயே சொல்லு!

அப்புறம் நடந்த கூத்துக்கும் நீதான் பொறுப்பு. மூலைக் கடை ஷரபுதீன் பாய் ரொட்டி போடுற ரெண்டு பேர மாவுக் கையோட கூட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. நீ அவங்களுக்கு ஒத்தாசையா தூக்குவேன்னு பாத்தா, போன எடுத்துப் படம் புடிக்கிற. அவங்க நாலு தம் கட்டித் தூக்கி ரோட்டுல வச்சாங்க. இன்னமும் காடிக்குப் பின்னால ரொட்டி மாவுக் கை அச்சு இருக்கு, கழுவ மனசு வரல. அந்த மனுஷன் ஒரு வார்த்த என்னைக் கேக்கல, தே தாரே போட்டுக் குடுத்து, "வயசானா லோங்காங் தானா பக்கத்துல வரும் அண்ணே, விடுங்க"ன்னாரு. அந்நியந்தான் அவரு. நீ என் வீட்டுக்குப் பொண்ணு குடுத்த குடும்பம். நீ என்னா பண்ணுன? பஸ்ஸுல ஏறி உக்காந்த ஒடனே அந்தப் படத்த என் மகளுக்கு அனுப்பிட்ட!

இப்ப அவ பதினோரு சட்டம் எழுதி அனுப்பியிருக்கா, உன் அக்கா அத பீரோவுல ஒட்டி வச்சிருக்கா. கண்ணாடியப் பாக்கணும், கேமராவப் பாக்கணும், கழுத்தத் திருப்பிப் பாக்கணும்னு மூணு சட்டம் பின்னால பாக்குறதப் பத்தியே இருக்கு. நான் கேக்குறேன், எல்லாத்தையும் டிரைவரே பாத்தா மத்தவன் எல்லாம் எதுக்கு இருக்கான்? முப்பத்தோரு வருஷத்துல நான் பின்னால பாக்கல, எனக்கு ஒண்ணும் ஆகல. இந்த வயசுல கழுத்த ஒடிச்சிக்கிட்டு பாக்கப்போறதும் இல்ல. சாவியையும் குடுக்கப்போறதில்ல. சனிக்கிழம அவ வரட்டும், சாவி என் சட்டப் பையில இருக்கும், சட்ட என் மேல இருக்கும், நான் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். எடுக்க முடிஞ்சா எடுத்துக்கட்டும் லா!

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டவுடன் தினேஸ்வரிக்குப் போன் போட்டு, "மாமா ரெண்டு தட்டு தட்டினேன், அப்பா மேல் தப்பு இல்லை" என்று சொல்லவும். சொல்லவில்லை என்றால் தீபாவளிக்கு உன் வீட்டு முறுக்கு என் வாசலைத் தாண்டாது. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அவர்கள் எல்லாரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த செல்வத்தோடும் வாழ அம்மனை வேண்டுகிறேன். உனக்கு என் ஆசியைச் சனிக்கிழமைக்குப் பிறகு யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தப்பு இல்லாத டிரைவர்,
பத்துமலை

பி.கு.: மச்சான், மேலே உள்ளதை வாசிக்காதே. வாசித்திருந்தால் மறந்துவிடு. கிழித்துப் போடலாம் என்றுதான் பார்த்தேன், நாலு பக்கம் எழுதியிருக்கிறேன், மனசு வரவில்லை.

உறையில் போடுவதற்கு முன் உன் அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நீ ரெண்டு தட்டு தட்டிய இடம் வந்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "அவன் ஒரு தட்டுதாங்க தட்டுனான்" என்றாள். அப்ப இன்னொண்ணுன்னு கேட்டேன். "அது நான் தட்டுனது." வீட்டுக்குள்ள போனவ எங்கேருந்து தட்டுனேன்னு கேட்டேன். பழத்த எடுத்துக்கிட்டு எப்பவோ வெளிய வந்துட்டாளாம். நான் முன்னால பாத்துக்கிட்டு இருந்ததால எனக்குத் தெரியல. இடது பக்கம், காடிக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவுல நின்னிருக்கா. காடி தன் பக்கமா சாஞ்சு வரவும், ஒரு கையில பழத்தோட, இன்னொரு கையால பின் கதவுல ஒரு தட்டு தட்டியிருக்கா. அடுத்த நொடியே வலது பக்கம் நீ ஒரு தட்டு. ரெண்டு பேரும் தோட்டத்து முறைப்படி சரியாத்தான் தட்டியிருக்கீங்க. நான் ரெண்டையும் சேத்துக் கேட்டுட்டு எண்ணெய மிதிச்சிட்டேன்.

சக்கரம் லோங்காங்குல விழுந்ததாலதான் காடி நின்னுச்சு. அது விழாம இருந்திருந்தா அவளும் தூணும்... எனக்கு எழுத வரல மச்சான். "எவ்வளவு எடம் இருந்துச்சு புள்ள?"ன்னு கேட்டேன். அவ கைய நீட்டி நாலு வெரலச் சேத்து வச்சுக் காட்டுனா.

மூணு நாளா ஏன்டி சொல்லலன்னு கத்துனேன். "சொன்னா மக காடிய எடுத்துக்கிட்டுப் போயிடும். காடி போயிட்டா நீங்க என்னா பண்ணுவீங்க? தம்பிதானே, ரெண்டு நாளு திட்டு வாங்குனா ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டான்" என்கிறாள். அதுக்காக ஒன்ன மாட்டி விட்டுட்டு அவ பேசாம கறி ஆக்கிக்கிட்டு இருந்திருக்கா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் கழுத்தத் திருப்பியிருந்தா போதும் மச்சான். நீ சொன்னது அத்தனையும் சரி. என்னை மன்னிச்சிரு.

தினேஸ்வரிக்கு நீ போன் போட வேண்டாம். நானே போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தால் அழுதாள். சனிக்கிழமை அவள் கேட்பதற்கு முன்னால் நானே சாவியைக் கொடுப்பேன், யாரும் என்னிடமிருந்து பிடுங்கினார்கள் என்று பேச்சு வரக்கூடாது, அதையும் நீ எல்லாரிடமும் சொல்ல வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு டாக்சி சொல்லியிருக்கிறேன். முன்னால் உட்கார்ந்தால் டிரைவருக்கு நான் பாடம் எடுப்பேனாம், உன் அக்கா, தான் எப்போதும் உட்காரும் பின் ஸீட்டிலேயே என்னையும் வரச் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷத்தில் ஓடுகிற வண்டியில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போகப்போவது இதுதான் முதல் தடவை.