ராஜா வராத வளைவு

அன்பு மைத்துனனுக்கு,

உன் அக்காவின் கணவனும் ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்கியம். அங்கே உன் பட்டறை, பிள்ளைகள், முழங்கால்கள் அனைத்தும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

இது மன்னிப்புக் கடிதம். எழுதிப் பழக்கமில்லை, மாணவர்களிடம் வாங்கித்தான் பழக்கம்.

சென்ற வாரம் உன் அக்காவும் நானும் வெற்றி வளைவைப் பார்க்கப் போனோம். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் வரைந்ததை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே காற்றில் என் தொப்பி பறந்து நடுச்சாலையில் விழ, அதன்மேல் ஒரு லாரி ஏற, மிச்சத்தை எடுக்கக் குனிந்ததில் முழங்கால் பிடித்துக்கொள்ள, நொண்டிக்கொண்டே போய்த் தவறான வரிசையில் நின்று, ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டோம். வழிகாட்டி ஒரு இளம்பெண். "இதைக் கட்டச் சொன்ன ராஜா ஒரு தடவைகூட இதுக்குள்ள வரலை. சுவர் இடுப்பளவு எழும்பினப்பவே செத்துப்போயிட்டார்" என்றாள். என்னையறியாமல் "தப்பு!" என்று கத்திவிட்டேன். அங்கே எதைச் சொன்னாலும் எதிரொலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "தப்பு... தப்பு... தப்பு..." என்று வளைவு முழுக்கச் சுற்றிவந்தது. உன் அக்கா யாரோபோல நகர்ந்து நின்றுகொண்டாள்.

"ஆறு குதிரை பூட்டின தேர்ல வந்தார்மா. பாடப் புத்தகத்துலயே இருக்கு. நானே நடத்தியிருக்கேன்" என்றேன்.

அந்தப் பெண் கோபிக்கவில்லை. "இப்படி வாங்க சார்" என்று தூணருகே அழைத்துப்போய்க் கல்லில் வெட்டியிருந்ததைக் காட்டினாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். கட்டி முடிக்க இருபத்தேழு வருஷம். ராஜா இரண்டாம் வருஷமே காலமானார்.

"அப்போ முதல்ல இதுக்குள்ள நடந்தது யாரு?"

"போருக்குப் போய்த் திரும்பாதவங்களோட அம்மாங்க. அதுக்குள்ள எல்லாரும் கிழவியாயிட்டாங்க. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்களாம்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். உன் ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத்தாள் கண்முன் வந்தது. மன்னர் எத்தனை குதிரைத் தேரில் நுழைந்தார் என்ற கேள்விக்கு நீ, 'ராஜா வளைவுக்குள் வரவே இல்லை' என்று எழுதியிருந்தாய். சைபர் போட்டேன். போட்டதோடு விட்டேனா? வகுப்பில் உரக்கப் படித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திங்கட்கிழமை முதல் நீ பள்ளிக்கூடம் வரவில்லை. மறுவருஷம் உன் அக்காவைக் கட்டிக்கொண்டேன். முப்பது வருஷமாக உன் வீட்டுக்கு வந்துபோகிறேன், நீ இன்னும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாய். காரணம் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

நீ எழுதியது சரி. நான் சிரித்தது தப்பு. மன்னித்துவிடு, தம்பி.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான் (உனக்குச் சம்மதமானால்)

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதை வாங்கிப் படித்தாள். "இதுக்கா அவன் பள்ளிக்கூடத்தை விட்டான்? மோட்டார் காயில் கட்டுற கடையில சேர ஆறு மாசமாச் சாக்குத் தேடிக்கிட்டிருந்தான். உங்க சைபரைப் பார்த்துட்டு வீடு முழுக்கக் குதிச்சான். பதிலும் தெரிஞ்சு எழுதலை, வாய்க்கு வந்ததை எழுதினான்" என்கிறாள். அப்படியானால் நான் அந்தப் படியில் உட்கார்ந்து அழுதது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. எப்படியானாலும் பதில் சரி என்பதால் ஐந்துக்கு நாலரை போட்டிருக்கிறேன். 'வளைவு' என்பதை நீ 'வலைவு' என்று எழுதியிருந்தாய். அந்த அரை மதிப்பெண்ணை மட்டும் என்னால் விட முடியவில்லை.