இழைப்பு மெஷினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

பூஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை ஜெரோம் அவர்களுக்கு,

மாமனார் கண்ணாயிரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் பிரதீபாவும் சுகம். புனேயில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் வரைக்குமாவது. உங்கள் இழைப்பு மெஷின்தான் அவ்வளவு சுகமில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "பரவாயில்லை சார்" என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். கல்யாணம் ஆனதிலிருந்து என்னை சார் என்றுதான் கூப்பிட்டீர்கள். கம்பெனி வேன் ஓட்டிய எனக்கு அதுவரை யாரும் சார் போட்டதில்லை, முதலில் இனித்தது, போகப்போக மகள் வீட்டில் வாடகைக்கு இருப்பவன் மாதிரி ஆகிவிட்டது. புனேக்குக் கிளம்பிய அன்றுதான் ஷெட் சாவியைக் கையில் கொடுத்து, "மாமா, மெஷினைக் கொஞ்சம் பாத்துக்குங்க. பிரஷ்ஷால தூசி தட்டி, மெழுகு தேச்சு விட்டா போதும். கடல் காத்து, சொட்டுத் தண்ணி படக்கூடாது" என்றீர்கள். அந்த "மாமா"வைக் காதில் கேட்ட சந்தோஷத்தில் மிச்சத்தை அரைகுறையாகத்தான் மனசில் வாங்கினேன்.

முதல் வாரம் பழுதில்லை. தூசி தட்டினேன், மெழுகு தேய்த்தேன், பலகையை வைத்துத் தள்ளுகிற இரும்புத் தட்டில் என் முகமே தெரிந்தது. அதைப் பார்த்தும் நான் உஷாராகவில்லை. பிறகு ஆயுத பூஜை வந்தது. சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் கம்பெனி வேன் ஓட்டிய காலமெல்லாம் பூஜை போடாமல் விட்டவனில்லை நான், ஜெபம் செய்கிற வீட்டு மெஷின் என்பதற்காக அதை மட்டும் பட்டினி போட மனசு வருமா, வரவில்லை, ஆகவே தட்டு நெடுகச் சந்தனப் பொட்டு வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன், சந்தனத்தைத் தண்ணீரில்தான் குழைக்கிறோம் என்பது அன்றைக்கு ஏனோ தோன்றவில்லை. வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம், இதற்குச் சக்கரம் இல்லையே என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தால் மரத்தை உள்ளே இழுக்கிற உருளை ஒன்று தென்பட்டது, உருளையும் சக்கரத்துக்குப் பங்காளிதானே என்று பழத்தை அதன் வாயில் வைத்து சுவிட்சைப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை, பலகையைவிட நன்றாகவே இழைத்தது. சாறு என் கண்ணிலும் தட்டிலும், தோல் தூசிப் பையிலும் போய்ச் சேர்ந்தன. பையிலிருந்த தேக்குத் தூளோடு சேர்ந்து அது ஊறுகாயாகி, பூஞ்சேரி எறும்பெல்லாம் இப்போது அங்கேதான் குடியிருக்கிறது.

மறுநாள் சந்தனத்தைத் துடைத்தால் அடியில் அதே அளவுக்குத் துருப்பொட்டு. பிரதீபா எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, மெஷினுக்கு அம்மை போட்டா மாதிரி கீது?" என்றாள். "வேப்பிலை கட்டிடலாமா?" என்றேன். சிரிக்கவில்லை. "அவரு போன்ல என் போட்டோவ விட இந்த மெஷின் போட்டோதான் ஜாஸ்தி, தெரிமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உங்கள் அத்தைதான் ஆறுதலாக வந்தாள். "இதுக்கு இன்னாத்துக்குய்யா மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற? குத்துவெளக்குக்குப் புளி போட்டா பளபளன்னு ஆவுதில்ல?" பித்தளைக்கும் இரும்புக்கும் ஒரே வைத்தியம் என்று இருவரும் சேர்ந்து தேய்த்தோம். துரு போனது உண்மை. போன இடமெல்லாம் தட்டு கறுத்துவிட்டதும் உண்மை. முன்னே அம்மை, இப்போது தழும்பு. "நானு வெளக்கத்தான சொன்னேன், மெஷினயா சொன்னேன்?" என்று அத்தை இன்று கட்சி மாறிவிட்டாள்.

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, ஷெட் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அந்தத் தட்டைத் தடவிப் பார்ப்பீர்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்ததும் அந்தக் கை தழும்பில்தான் படும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நம்பிக் கொடுத்ததை நல்ல எண்ணத்தாலேயே கெடுத்துவிட்டேன். நல்லா திட்டுங்க மாப்பிள்ளை, "இன்னா மாமா இப்படிப் பண்ணிட்டீங்க"ன்னு நாலு தெருவுக்குக் கேக்கிற மாதிரி கத்துங்க, வாங்கிக்கிறேன். "பரவாயில்லை சார்" மட்டும் வேண்டாம். இனி அந்த மெஷினைத் தொடமாட்டேன், இது சத்தியம். சாவியை இன்றே பிரதீபாவிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

உங்கள் கர்த்தரும் எங்கள் பெருமாளும் கலந்து பேசி உங்களுக்கு ஆயுளையும், அதைவிட முக்கியமாகப் பொறுமையையும் அருளட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மாமாதான் என்ற நம்பிக்கையில்,
கண்ணாயிரம்

பின்குறிப்பு: சாவியைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை ஷெட்டைப் பெருக்கப் போனேன். மெஷின் ஓடவாவது செய்கிறதா என்று பார்க்க சுவிட்சைப் போட்டால் பெல்ட் கிறீச் கிறீச்சென்று ஒரே சத்தம். வந்ததும் நீங்கள் அதையும் கேட்க வேண்டாமே என்று பெல்ட் முழுக்க நல்லெண்ணெய் விட்டேன். சத்தம் அடியோடு நின்றுவிட்டது. மோட்டார் சுற்றுகிறது, மெஷின்தான் சுற்றவில்லை. சார் என்றே கூப்பிடுங்கள்.