கருவாட்டுச் சங்கத்தின் தந்திப் பெயர்

உலகில் பெரிய முடிவுகள் எல்லாம் அவசரத்தில் எடுக்கப்பட்டவை. உலகம் இந்த லட்சணத்தில் இருப்பதும் அதனால்தான். அவசரமே படாமல் எடுக்கப்பட்ட ஒரே முடிவு, காரைக்கால் கடலோரக் கருவாட்டு உற்பத்தியாளர் நலச் சங்கத்தின் தந்திப் பெயர். சங்கத்தின் கௌரவச் செயலாளர் சூசைராஜ் என்ற முறையில் இதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்பது வேறு விஷயம்.

1979, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கொல்லத்து மொத்த வியாபாரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. நாற்பது மூட்டை நெத்திலிக் கருவாடு வேண்டும். விலை தினமும் மாறுவதால் பேச்செல்லாம் தந்தியில்தான். தந்தியில் சொல்லுக்குச் சொல் கட்டணம்; எங்கள் முழு முகவரியை எழுதினால் கருவாட்டுக்கு வருவதற்குள் மனிதர் ஓட்டாண்டியாகிவிடுவார். "தந்தி ஆபீசில் ஒரே சொல்லில் ஒரு பெயரைப் பதிந்துவிட்டு எழுதுங்கள், ஆர்டர் அந்தப் பெயருக்கு வரும்" என்று முடித்திருந்தார். தந்தி ஆபீசின் விதியும் எளிதுதான். ஆங்கிலத்தில் பத்து எழுத்துக்குள் ஒரு சொல். அதை வேறு யாரும் பதிந்திருக்கக் கூடாது.

நாற்பது மூட்டையும் திருவேட்டக்குடி காசியம்மாக்காவுடையது. நாலு மாதம் மணலில் காயவைத்துப் புரட்டி, எங்கள் கிடங்கில் அடுக்கியிருந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மூட்டைக்குள் புழு வைத்துவிடும், அவருக்கு அந்த வருஷமே போய்விடும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சங்கத்து வாசலில் வந்து, "பேரு வச்சாச்சா தம்பி?" என்று கேட்டார்.

"குழு அமைச்சாச்சுக்கா!" என்றேன்.

சும்மா குழு இல்லை. தலைவர் மரியமுத்து, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. துணைத்தலைவர் போலகத்துச் சிதம்பரநாதன். கருவாட்டு வாடை பட்டாலே தலைக்கு ஊற்றிக்கொள்ளும் சைவர். 'நடுநிலை' கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மூன்றாவது ஆள் நான்.

மரியமுத்து புனிதர் பெயர் வேண்டும் என்றார். சிதம்பரநாதன் சங்கத்தின் நட்சத்திரம் என்ன என்று கேட்டார். சங்கம் பிறந்த நேரத்தை யாரும் குறித்துவைக்கவில்லை. ஆகவே அதைக் கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு. ஆறாவது கூட்டத்தில் புனிதர், நட்சத்திரம், கொஞ்சம் பிரெஞ்சு மூன்றும் கலந்த ஒரு பெயர் 'கொள்கை அளவில்' தேறியது. எண்ணிப் பார்த்தால் முப்பத்தொரு எழுத்து. பத்து என்பதை முப்பத்தொன்றாக உயர்த்தித் தரும்படி டில்லிக்கு மனுப் போட்டோம்.

புரட்டாசி பிறந்தது. அக்கா ஒவ்வொரு செவ்வாயும் வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். எனக்கு வானத்தைப் பார்ப்பதுதான் சௌகரியமாக இருந்தது.

அப்போதுதான் மரியமுத்து மேசையைத் தட்டினார். "சூசை! நாம அஸ்திவாரத்தையே மறந்துட்டோம். பேருன்னா முதல்ல எத்தா சிவில், பிறப்புப் பதிவு! பிறப்பு நோட்டுல ஏறாத பேரு ஒரு பேரா? அந்த நோட்டு இல்லேன்னா எனக்குப் பென்ஷன் ஏது?"

எங்கள் ஊரில் இதற்கு மறுபேச்சுக் கிடையாது. அந்த நோட்டைக் காட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித்தான் எத்தனையோ குடும்பம் பாரிசுக்கே போயிருக்கிறது. மூவரும் கோட்டு மாட்டிக்கொண்டு, சாட்சிக்கு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு பிறப்புப் பதிவுக்குப் போனோம். குமாஸ்தாவின் மேசையில் இரண்டு நோட்டுகள். இடது பக்கம் பிறப்பு, வலது பக்கம் இறப்பு. இடது பக்கத்தைத் திறந்தார்.

"குழந்தை ஆணா, பெண்ணா?"

"சங்கம்," என்றார் மரியமுத்து.

"பேரு?"

"பேச்சுவார்த்தையில இருக்குங்க. இடம் விட்டு எழுதிக்குங்க."

"தகப்பனார்?"

மரியமுத்து என்னைப் பார்த்தார். நான் சிதம்பரநாதனைப் பார்த்தேன்.

"சிவ சிவா! நான் சைவம்," என்றார் அவர்.

குமாஸ்தா மரியாதையாக எங்களைத் திருப்பி அனுப்பினார். அடுத்த மூன்று கூட்டமும் தகப்பன் யார் என்பதிலேயே போயிற்று.

ஐப்பசி முதல் தூறலில் அக்கா நனைந்துகொண்டே வந்தார். "தம்பி, வானம் கருத்துப்போச்சு. இன்னைக்காவது முடியுமா?"

"அவ்வளவுதான்க்கா. தகப்பன் யாருன்னு தெரிஞ்சுட்டா மத்ததெல்லாம் நொடியில முடிஞ்சுடும்."

அக்கா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் விசாரணைக் குழு வெளிக்கொண்டுவந்தது. நேரே தந்தி ஆபீசுக்குப் போயிருக்கிறார்.

"என்ன பேரும்மா?"

"காசியம்மா."

"சங்கம் வச்ச பேரா?"

"எங்கப்பன் வச்ச பேரு. வேற யாராவது எழுதியிருக்காங்களா, பாருங்க."

யாரும் எழுதியிருக்கவில்லை. எட்டே எழுத்து. பத்து நிமிஷத்தில் பதிவு முடிந்து, அதே கையோடு கொல்லத்துக்கும் ஒரு தந்தி போய்விட்டது. கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, ஒரு டீகூட இல்லை! இப்படியா ஒரு பெயரை வைப்பது? மூன்றாம் நாள் ஆர்டர் வந்தது. நாற்பது மூட்டையும் லாரி ஏறின. அந்தப் பெயரைச் சொல்லி மற்ற பெண்களின் மூட்டைகளும் ஏறின. மறுநாள் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை.

காலியான கிடங்கில் அவசரக் கூட்டம் போட்டோம். ஓடுகள் உடைந்திருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மூட்டைகள் இருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். 'மூட்டைகளைத் தக்க தருணத்தில் வெளியேற்றியது குழுவின் தொலைநோக்கு' என்று குடை பிடித்துக்கொண்டே தீர்மானம் நிறைவேற்றினோம்.

தை மாதம் ஆண்டு விழா. குழுவுக்கு மூன்று மாலை. நன்றியுரைக்கு அக்காவை மேடையேற்றினோம். புதுச்சேலை கட்டி, சிரித்த முகமாக வந்திருந்தார். திருவேட்டக்குடிப் பெண்கள் எல்லாரும் முன்வரிசையில்.

"நாலு பிள்ளை பெத்து நாலையும் அந்த ஆபீசுல எழுதினவ நான்," என்று ஆரம்பித்தார். "அந்த மேசையில ரெண்டு நோட்டு இருக்கும். நம்ம ஐயாமாரு இடது பக்கத்து நோட்டைப் போய்த் திறக்கச் சொல்லியிருக்காங்க. பாவம், அவசரத்துல மாறிப்போச்சு. வலது பக்கத்து நோட்டுல எழுதச் சொல்லுங்க. அதுக்குத் தகப்பன் யாருன்னு தெரியாட்டிகூடப் பரவாயில்லை, தேதி இருந்தா போதும்."

முன்வரிசையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, "என்ன தேதிக்கா?" என்று கேட்டேன். கடமை அல்லவா?

"குழு அமைச்சாச்சுன்னு நீ வாயெல்லாம் பல்லா சொன்னியே தம்பி, அந்தச் செவ்வாய்க்கிழமை. சாட்சிக்கு நானே வரேன்."