மெயினாஃப் மேஸ்திரி

பொறுமையை வைத்துக்கொண்டே அடுத்தவனுக்கு ரத்தக் கொதிப்பை வரவழைக்கிற ஆள் ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்று மாநிலங்களையும் சேர்த்தாலும் ஒருத்தர்தான் இருந்தார். அவர் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் ஒரு பவர்லூம் ஷெட்டில் மேஸ்திரி. அவருக்குக் கீழே நான் தறி ஓட்டினேன், என் தலையெழுத்து. இப்போது செல்போனைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் கஞ்சி போட்ட சட்டையோடு வந்து, வேலை செய்யும் இடத்தில் நிதானமாக இருங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்று பாடம் நடத்துகிறார். நிஜமாகவே நிதானமான ஒரு ஆளோடு நீங்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்திருக்கிறீர்களா ஐயா? பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே மேஸ்திரி, முதுகுக்குப் பின்னால் மெயினாஃப். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லவேண்டும் என்றால் முதலில் ஷெட்டின் சத்தத்தைச் சொல்லவேண்டும். முப்பது தறியும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அதில் எங்களுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. யாரை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். ஓனர் எதிரே வரும்போது சிரித்த முகத்தோடு வணக்கம் வைத்து, அதே வாயால் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுக்கலாம். சம்பளத்துக்கு மேலே எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை அதுதான்.

அந்தச் சலுகையில்தான் இந்த மனிதர் கை வைத்தார். ஷெட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் குறுக்கே வரமாட்டார், அதட்டவும் மாட்டார். கையில் இருக்கும் கிரீஸை ஒரு பழைய துணியில் துடைத்துக்கொண்டு, மெதுவாக நடந்து போய், சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். தறிகள் மொத்தமும் நின்றுவிடும். சண்டைக்காரன் கடைசியாகக் கத்திய வார்த்தை மட்டும் துணியில்லாமல் ஷெட்டுக்கு நடுவே நிற்கும். இவர் அவன் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், "இப்ப சொல்லுபா, கேக்குறோம்" என்பார். எவனால் சொல்ல முடியும்? மெயினை ஆஃப் பண்ணுகிறவர், அதனால் மெயினாஃப்.

நானும் மாட்டினேன். ஒரு நாள் என் தறியில் பாவு இழை அறுந்துகொண்டே இருந்தது. மட்டமான நூலை வாங்கிப் போட்டிருந்தார் ஓனர். பக்கத்துத் தறிக்காரனிடம், இந்தாளுக்குத் தறி ஒரு கேடா, எருமை மேய்க்கத்தான் லாயக்கு என்று கத்திக்கொண்டிருந்தேன். எருமை என்ற இடத்தில் மெயின் இறங்கியது. வாசலில் ஓனர், பக்கத்தில் அவருடைய மாமனார். ஏதோ எருமை என்று கேட்டதே என்று ஓனர் தெலுங்கில் விசாரித்தார். மேஸ்திரி நிதானமாக, "பையன் எரும வாங்கலாம்னு இருக்கான் சார்" என்றார்.

காப்பாற்றினார் என்கிறீர்களா? அதற்கப்புறம் ஓனர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எருமையைப் பற்றிக் கேட்பார். வாங்கியாகிவிட்டதா, எவ்வளவு கறக்கிறது, தவிட்டுக்கு என்ன செய்கிறாய் என்று ஒரே அக்கறை. கடைசியில் இல்லாத எருமைக்கு வயிறு உப்பி அது செத்துப்போனதாகச் சொல்லி முடித்தேன். அதற்கு ஓனர் உண்மையாகவே வருத்தப்பட்டார். மேஸ்திரியும் கூட நின்று வருத்தப்பட்டார், சிரிக்காமல்.

வெளியிலும் இதே லட்சணம்தான். திருப்பதியில் ஒரு கம்பெனி வேலைக்கு என்னை நேரில் வரச்சொல்லியிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து, மகளைப் பார்க்கப் போவதாக இவரும் அதே பஸ்ஸில் ஏறினார். புத்தூர் தாண்டினதும் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி டிரைவரை வாய்க்கு வந்தபடி ஏசினோம், நான் கொஞ்சம் கூடவே ஏசினேன். இவர் புளியமரத்தடியில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்து, டிரைவரைக் கூப்பிட்டுப் பாதிச் சோற்றை அவருக்குக் கொடுத்தார். எனக்கு வேலையே போகிறது, உங்களுக்கு விருந்து கேட்கிறதா என்று பாய்ந்தேன். "அந்தாளு காத்தாலேர்ந்து ஒண்ணும் துன்னலபா" என்றார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. டிரைவர் மட்டும் திருப்தியாக ஏப்பம் விட்டார்.

நான் மட்டும்தான் இப்படிக் கொதிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அவர் வீட்டம்மாவையே கேட்டிருக்கிறேன். "கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இந்தாளு கூட உருப்படியா ஒரு சண்ட போட முடியலபா. நானே கத்தி, நானே ஓஞ்சிபோயி, நானே சோறும் போடணும்" என்று அந்த அம்மா கண்கலங்கினார்.

இத்தனையையும் மன்னித்திருப்பேன். செல்வியக்கா விஷயத்தில் அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

செல்வியக்கா எனக்கு அடுத்த வரிசையில் நான்கு தறி ஓட்டினார். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு பேர். இந்த வேலை போனால் பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டு, அவர்களையும் இழுத்துக்கொண்டு பெங்களூரில் சிமெண்ட் சட்டி தூக்கப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அப்போது காலமும் கெட்டுக் கிடந்தது. நூல் விலை ஏறியது, வெளியிலிருந்து மலிவுத் துணி வந்து குவிந்தது. பக்கத்து ஷெட்டுகளில் தறிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்கு எடை போட்டார்கள். எங்கள் ஓனரும் பாதித் தறியை விற்கப்போகிறார், ஆட்களைக் குறைக்கப்போகிறார் என்று பேச்சு இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திருப்பதி வியாபாரி ஒருவர், செல்வியக்கா நெய்த சேலைகளை மொத்தமாகத் திருப்பி அனுப்பினார். துணியின் நீளத்துக்கும் கோடு விழுந்திருந்தது. இழை அறுந்ததைப் பார்க்காமல் விட்டால் அப்படித்தான் விழும். அவற்றை நெய்த வாரம் முழுக்க அக்கா வேலை போய்விடும் என்ற பயத்தில் தறிக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றது எனக்குத் தெரியும். கலங்கின கண்ணுக்கு இழை எப்படித் தெரியும்?

ஓனர் சேலைகளை அள்ளிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்தார். செல்வியக்கா காலடியில் அவற்றை எறிந்துவிட்டு ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றதால் சில வார்த்தைகள் எனக்குக் கேட்டன. அவற்றை இங்கே எழுதமாட்டேன். புருஷன் ஏன் ஓடிப்போனான் என்பதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார், அது மட்டும் போதும். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தோம். இப்போது இறக்கினால் போதும், ஓனர் ஊர் முன்னாலேயே நாறிப்போவார்.

மனிதர் அசையவில்லை. சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வந்ததே ஒரு வெறி. நாங்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை பேசினால் மெயினை இறக்கத் தெரிகிறது, முதலாளி பேசினால் கை வராதா? ஓடிப்போய் நானே சுவிட்சில் கை வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை. தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன, ஓனர் கத்திக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கி அவர் நிறுத்தினதும் மேஸ்திரி என்னை விட்டுவிட்டு, ஓனர் தோளில் கையைப் போட்டு எதிர் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தோளில் கை. அந்த ஆளுக்கு டீ வேறு.

திரும்பி வந்தவரை வாசலிலேயே மடக்கினேன். ஓனர் என்றால் பயமா, இத்தனை நாள் எங்களிடம் காட்டினதெல்லாம் வேஷமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"அவன் பேசின பேச்ச ஷெட்டே கேக்கணுமா? அப்புறம் நாளிக்கு அந்தப் பொண்ணு எந்த மூஞ்சிய வச்சிகினு உள்ள வரும்?"

எனக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளும் நிலையிலும் இல்லை. முறைத்துவிட்டு என் தறிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்துச் செல்வியக்கா வந்து என் காதருகே குனிந்தார். "ஓனரு இன்னாபா சொன்னாரு? குனிஞ்சிகினே இருந்தேனா, தறி சத்தத்துல ஒண்ணும் காதுல வியல" என்றார். கோடு விழுந்துவிட்டது என்று திட்டினார் அக்கா, வேறொன்றும் இல்லை என்றேன். அவ்வளவுதானா என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு தறியைப் போட்டார். நான்தான் சுவிட்சுப் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

டீக்கடையில் நடந்தது மறுநாள்தான் தெரிந்தது. மேஸ்திரி, அந்தத் தறிகளில் இழை கோக்கிற அச்சு தேய்ந்திருந்தது, மாற்றாமல் விட்டது என் தப்பு, அந்தப் பெண் என்ன செய்யும் என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறார். சுத்தப் பொய். அந்த அச்சை அவர் புதிதாக மாட்டும்போது பிடித்துக்கொடுத்தவன் நான். ஓனருக்கோ ஆள் குறைக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பாதித் தறிக்கு மேஸ்திரி எதற்கு என்று இவரை நிறுத்திவிட்டார். செல்வியக்கா வேலை தப்பித்தது. நகரியில் வேறு எந்த ஷெட்டிலும் மேஸ்திரி வேலை இல்லை. அந்த வயதில் வீட்டம்மாவோடு பெங்களூருக்கு, ஏதோ ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு வாட்ச்மேனாகக் கிளம்பினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வழியனுப்பப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த ஓனர் சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா என்றேன். "அவனுக்கும்தான் எல்லாம் போவுது தம்பி. ராவெல்லாம் தூங்கறதில்லையாம்" என்றார். ஓனருக்கு இரக்கம். கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. உங்களுக்கு ரோஷமே கிடையாதா, கோபம் என்ற ஒன்றே வராதா என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்தார். அன்றைக்கு மணிக்கட்டைப் பிடித்த அதே இறுக்கம்.

"வராதுன்னு எவன் சொன்னான்? அன்னிக்கு உன்ன புடிச்சிகினு நிக்கல நைனா, நான் அவன் மேல போயி விழாம உன்ன புடிச்சிகினு இருந்தேன்" என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது. செல்வியக்கா அந்த ஷெட்டில் கடைசித் தறி நிற்கும்வரை ஓட்டினார், பெண்கள் இரண்டு பேரும் படித்து முடித்தார்கள். மேஸ்திரி திரும்பி வரவே இல்லை. விலாசம்கூடக் கொடுக்காமல் போன அந்த மனுஷன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளவும் மாட்டேன், தீர்ந்துபோனால் அவருடையது என்று என்னிடம் வேறு என்ன இருக்கிறது?