ராஜாவுக்கு எத்தனை அடி?

அளப்பவர்கள் இரண்டு வகை. நாடாவால் அளப்பவர்கள், வாயால் அளப்பவர்கள். முதல் வகையினர் தையற்கடையிலும் கட்டட வேலையிலும் அகப்படுவார்கள். உதட்டில் ஊசியோ காதில் பென்சிலோ செருகியிருப்பதால் அதிகம் பேசமாட்டார்கள், அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது இரண்டாவது வகையைப் பற்றி. இவர்கள் எங்கும் இருப்பார்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போதே ஒருவர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

அடையாளம் வேண்டுமா? காலி அறை ஒன்றில் இவரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடுவார். தலையைச் சாய்ப்பார். பிறகு, யாரோ துரத்துவதுபோல் சுவரிலிருந்து சுவருக்கு நாலு எட்டு வைத்து நடந்து, கடைசி எட்டு பாதியிலேயே சுவரில் இடித்தாலும் அதையும் முழு எட்டாகவே கணக்கில் சேர்த்துக்கொண்டு, "பத்தடி தாராளமா இருக்கும்" என்பார். "நாடா எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பார்வை பார்ப்பார். நாற்பது வருஷம் சமைத்தவரிடம் 'உப்பு போட்டீங்களா?' என்று கேட்டால்கூட அப்படி ஒரு பார்வை கிடைக்காது.

"எதுக்கும்மா? எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ்தானே!"

இந்தச் சொல்லை நம்பி மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்ட அலமாரிகள் எத்தனை, ஜன்னலுக்கென்று வாங்கிவந்து கடைசியில் மேசைக்கு விரித்த திரைச்சீலைகள் எத்தனை, வாசல் கதவைக் கழற்றி உள்ளே விட்டபின் அந்தக் கதவை மூடவே முடியாமல் செய்த குளிர்பெட்டிகள் எத்தனை! அவ்வளவு நடந்தும் இவர் தோற்றதாகச் சரித்திரம் கிடையாது. பொருந்தவில்லையா? "கட்டினவன் சுவரைக் கோணலா கட்டியிருக்கான்." பொருளில் தப்பில்லை. அவரிடமும் தப்பில்லை. வீடுதான் தப்பு.

இந்த இனத்திலேயே மேல்தட்டு ஒன்று உண்டு. வெளிநாடு போய்த் திரும்பிய அளப்பவர். என் தாய்மாமா அந்த ரகம். மூன்று நாடுகளில் ஏழு வருஷம் கிடங்குகளில் பெட்டி அடுக்கியவர். நல்ல உழைப்பாளி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுக்கிய பெட்டிகளைவிட, திரும்பிவந்து அவர் அடுக்கிய பேச்சு அதிகம். குழாய் சொட்டினால், "அங்கெல்லாம் குழாயே சொட்டாது." மழை பெய்தால், "அங்க மழைகூட சொன்ன நேரத்துக்குத்தான் வரும்."

போன மாதம் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். அம்மா இருபத்திரண்டு வருஷமாக ஒரு ஹோட்டலில் அறை துடைத்துப் படுக்கை விரிப்பவள். மூட்டு தேயாமல் என்ன செய்யும்? சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், தரையில் படுக்கவே கூடாது, கட்டிலில் உட்கார்ந்து எழுந்து நடந்து பழகினால்தான் கால் திரும்பும், தப்பித்தவறி விழுந்தால் போட்ட மூட்டு போச்சு என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலோ கட்டிலே கிடையாது. அம்மா, அப்பா, நான், மூவரும் பாயிலேயே படுத்துப் பழகியவர்கள்.

கூடத்தில் அவசர ஆலோசனை நடந்தது. மாமாதான் தலைமை. தலைமை தாங்கும்படி யாரும் கேட்கவில்லை.

"கிங் சைஸா போட்டுருவோம். ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் ராஜா கட்டில் விரிச்சவ எங்கக்கா. அவளுக்கு ஒண்ணு வேண்டாமா?"

நியாயமான பேச்சு. அப்பா டிப்போவில் பஸ் மெக்கானிக். ஒரு நட்டைத் திருகுவதற்குள் நாலு ஸ்பானரைப் போட்டுப் பார்க்கிற மனிதர். அவர் மெதுவாகக் கேட்டார்: "நம்ம ரூம்ல நிக்குமா மாப்ள?"

"தாராளமா நிக்கும் மச்சான். பத்தடி ரூம், கண்ணாலயே பாத்துட்டேன்."

நாட்டைக் காலி செய்துகொண்டு போகிற ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடம் கட்டில் கிடைத்தது. அவர்கள் ஊரிலிருந்தே கப்பலில் வந்த மரக்கட்டில். கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருந்த பலகையில் 'கிங்' என்று அச்சடித்திருந்ததாம். மாமாவுக்கு அது போதும். அங்கிருந்தே மெத்தைக் கடைக்கு போன் போட்டார்.

"கிங் ஒண்ணு அனுப்புங்க."

"அகலம் எத்தனை அடிங்க?"

"கிங்னா கிங்தான்யா. ராஜாவுக்கு ராஜா வித்தியாசப்படுவாரா?"

மாமா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதே நான் குறுக்கே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்தது புள்ளியியல். ஆனால் மின்வாரியக் கடிதம், அப்பாவின் மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் மகனின் பாஸ்போர்ட், எதுவானாலும் என் முன்னால்தான் நீட்டப்படும். 'தெரியாது' என்று சொல்லத் தொடங்கினால், அம்மா விரித்த அத்தனை படுக்கையும் இதற்குத்தானா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதனால் எதையாவது சொல்லிவிடுவேன். என்ன, மாமா கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நான் போனைப் பார்த்துச் சொல்வேன்.

அன்றைக்கும் போனைத் திறந்தேன். கட்டில் அளவுகள் ஒரு கடலாக விரிந்தன. ஒரு நாட்டில் கிங் என்றால் ஐந்தடி அகலம். இன்னொரு நாட்டில் கிட்டத்தட்ட அதே ஐந்தடிக்குப் பெயர் குயின். அங்கே ராஜாவாக வேண்டுமென்றால் ஆறடிக்குமேல் இருக்க வேண்டும். ஒரு நாட்டில் ஒற்றைக் கட்டிலுக்கும் இரட்டைக் கட்டிலுக்கும் நடுவே அரை இரட்டை என்று ஒன்று இருக்கிறது. சில நாடுகளில் ராஜாவும் இல்லை ராணியும் இல்லை, வெறும் சென்டிமீட்டர்தான். சில இடங்களில் ஒரே கட்டிலில் கணவனுக்கு ஒரு மெத்தை, மனைவிக்கு ஒரு மெத்தை. இவ்வளவையும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒன்று விடாமல் எடுத்துவிட்டேன். மாமா வாயைப் பிளந்து கேட்டார். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கழற்றிக் கொண்டுவந்திருந்த கட்டில் பலகைகளைத் தாண்டித்தான் போனேன். அவற்றை அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை மெத்தை வந்தது. நட்டு முடுக்கி நிறுத்தியிருந்த கட்டிலில் தூக்கிப் போட்டோம். இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே தொங்கியது, சின்னப் பிள்ளை அப்பா சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி.

"லேசா முன்னபின்ன இருக்கும். உக்காந்தா படிஞ்சிரும்," என்றார் மாமா. சொல்லிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார். மெத்தையின் ஓரம் மடிந்தது. மாமா வழுக்கிக்கொண்டுபோய்த் தரையில் உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் அந்தத் தரையில் மாமா தெரியவில்லை. அம்மா தெரிந்தாள்.

மெத்தை கொண்டுவந்தவர்தான் பேசினார். "கட்டில் அந்த ஊர் ராஜாங்க, மெத்தை இந்த ஊர் ராஜா. ரெண்டு ராஜாவை ஒரே ரூம்ல விட்டா இப்படித்தான். வேற மாத்தித் தரோம். கட்டில் அகலத்தைக் கரெக்டா அளந்து சொல்லுங்க."

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அளக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டோம்.

அங்கே போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னோம். "எவ்வளவு தொங்குது?" என்று அம்மா படுத்தபடியே கேட்டாள்.

"அரையடி," என்றார் மாமா.

"ஒரு அடி," என்றார் அப்பா.

"சராசரியா முக்கால் அடி," என்றேன் நான்.

அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க ஹோட்டல்ல மூணாவது மாடிக் கட்டில் ஒரு ஊர்ல வாங்கினது, நாலாவது மாடி வேற ஊரு. ரெண்டு கதவுலயும் கிங்குனுதான் எழுதியிருக்கும். மூணாவது மாடி விரிப்பு நாலுல போட்டா கால் பக்கம் இழுத்துக்கும். அதனால மூலையில நாங்களே சிவப்பு நூல், பச்சை நூல் தைச்சு வச்சிருக்கோம். எழுதியிருக்கிறதை நம்பி அங்க எவளும் கை வைக்கமாட்டா. இத்தனை வருஷமா இதே வேலை பாக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாடா?"

"நீ படுத்திருக்கியேக்கா, தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்..."

"படுத்திருந்தா வாயும் படுத்துருமா?"

வெள்ளிக்கிழமை அப்பா டிப்போவிலிருந்து இரும்பு நாடா கொண்டுவந்தார். கட்டிலை அளந்தோம். சரியாக ஐந்தடி. அறையை அளந்தோம். மாமாவின் பத்தடி, எட்டே முக்கால் அடியாக இருந்தது. பரவாயில்லை, கட்டில் நின்றது. சாயங்காலம் ஐந்தடி மெத்தை வந்து, அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது. மாமா அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நான் நாலு பக்கமும் படம் பிடித்தேன்.

சனிக்கிழமை அம்மா வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் நடைக்கம்பியை ஊன்றி, ஒவ்வொரு அடியாக வைத்து, கட்டில் பக்கம் திரும்பி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மெத்தை அசையவில்லை. நாங்கள் மூச்சு விட்டோம்.

அம்மா குனிந்து கீழே பார்த்தாள்.

பாதம் தரையைத் தொடவில்லை. இரண்டு காலும் ஊஞ்சலில் உட்கார்ந்த குழந்தைக்குத் தொங்குவதுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. பாதம் ஊன்றாமல் எழக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் நூறு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். நெட்டையர்கள் நாட்டுக் கட்டில், அதன்மேல் கனமான மெத்தை, அதன்மேல் எங்கள் குட்டையான அம்மா. கட்டிலை அளந்தோம், மெத்தையை அளந்தோம், சுவரை அளந்தோம். அம்மாவை அளக்கவில்லை.

"நீயாவது உயரத்தைக் கேட்டிருக்கலாமேக்கா," என்றார் மாமா, குரல் உள்ளே போய்.

"எனக்கே தோணலடா. நீளம் அகலம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். உயரம் எப்படித் தெரியும்? அங்க நாங்க கட்டில்ல உக்காரக் கூடாது." சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அப்பாவும் நானும் சிரிக்கவில்லை.

மாமா சடாரென்று எழுந்தார். "காலை வெட்டிருவோம்."

"யார் காலை?" என்றார் அப்பா பதறி.

"கட்டில் காலை மச்சான்! ஒரு நாலு விரல் எடுத்தாப் போதும்."

"யாரு விரல்டா?" என்றாள் அம்மா. "உன் விரலா, என் விரலா?"

மாமா வாயைத் திறந்தார். தன் விரல்களைப் பார்த்தார். அம்மாவின் விரல்களைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு இரும்பு நாடாவை எடுத்துக்கொண்டு, அம்மாவின் காலடியில் குப்புறப் படுத்து, தரைக்கும் குதிகாலுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். நாலே கால் அங்குலம். "மருமகளே, எழுதிக்க," என்றார். எழுதினேன். "இரு, இன்னொரு தடவை பாத்துடறேன்," என்றார். எனக்குத் தெரிந்து மாமா வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது அதுதான் முதல் முறை.

அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நாலு காலிலும் கோடு போட்டோம். கீழ்வீட்டில் ரம்பம் இரவல் வாங்கி அப்பா அறுத்தார். மதியத்துக்குள் முடிந்தது. அம்மா மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. விரல்களை ஒருமுறை விரித்து மடக்கிப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்து, யார் தோளையும் தொடாமல், தானாக எழுந்து நின்றாள்.

மாமா திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தது மாடிவரை கேட்டது: "அங்கெல்லாம் ஆபரேஷன் ஆனவங்களுக்கு நாலே கால் அங்குலம் வெட்டிடுவாங்க சார். அது ஸ்டாண்டர்டு."

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி. நீங்கள் தினமும் படுத்து எழுந்திருக்கிற இடம், கட்டிலோ பாயோ, அதன் நீளம் எவ்வளவு? எழுந்திருக்க வேண்டாம், நாடா தேட வேண்டாம், உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்.

ஏதோ ஒரு எண் வாயில் வந்துவிட்டது, இல்லையா? எனக்கும் வந்தது.