ஆலந்துறைக்குப் போன அலுவலகம்

மக்களே ஓட்டுப் போட்டு ஒருவரை மன்னராக்கி, பிறகு ஐந்து வருடம் அவருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த நாடு ஒன்று உண்டு. நெடுமாடபுரி என்று பேர். ஒருநாள் மன்னரின் வண்டி கோட்டை வாசலில் கால்மணி நேரம் நின்றுவிட்டது. தலைநகரில் இத்தனை நெரிசலுக்கு யார் காரணம் என்று கேட்டார். அரசு ஊழியர்கள்தான் என்றார் தலைமை அமைச்சர். அமைச்சர்களுக்கு முன்னும் பின்னும் ஓடும் நாற்பது வண்டிகள் அவர் கண்ணில் படவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் அந்த நாற்பதில் ஒன்றுக்குள் அல்லவா உட்கார்ந்திருந்தார்.

மறுநாளே ஆணை வந்தது. நிர்வாகம் மக்களை நோக்கி நகர்கிறதாம். துறைக்கு ஓர் ஊர். மனுத் துறைக்கு ஆலந்துறை. முதல் தேதி மாலை ஐந்து மணிக்குள் புது அலுவலகத்துக்குள் ஆஜராகாதவர்கள், தாமாகவே முன்வந்து வேலையை விட்டவர்களாகக் கருதப்படுவார்கள்.

மனுத் துறையில் தில்லைநாயகி இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். அவள் கணவன் கோதண்டத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஊழியர் குடும்பக் கார்டு இருக்கிற வரைக்கும்தான் அந்தப் படுக்கை. வேலை போனால் கார்டு போகும். கார்டு போனால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கமாட்டாள்; எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

இடம் மாறுவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு எழுதினாள். ஊரார் மனுவையெல்லாம் இத்தனை வருடம் வாங்கியவளுக்குத் தன் மனுவை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. அதற்கும் ஓர் ஆணை வந்தது: விலக்கு மனுக்கள் இனிமேல் ஆலந்துறை அலுவலகத்தில் மட்டுமே பெறப்படும்.

பியூன் சங்கிலிக்கருப்பன்தான் அந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தான்.

"ஆலந்துறை எங்க ஊருதான்மா. நான் பொறந்த ஊரு."

"அப்படியா? பஸ் போகுதா சங்கிலி?"

"எங்கம்மா போறது? அணை கட்டுனப்ப எங்களையெல்லாம் கெளப்பி விட்டுட்டாங்க. முப்பது வருசமா ஊரு தண்ணிக்குள்ள கெடக்கு."

மழை வருகிறது என்று சொல்வதுபோல அவன் அதைச் சொன்னான். அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டாள். நேரே துறைச் செயலர் வித்யாபதியிடம் போனாள். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் அவளை உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"ஊர் வரைபடத்தில் இருக்கிறதே அம்மா."

"அது பழைய படம் ஐயா. இப்போ அங்கே ஏரிதான் இருக்காம்."

"மன்னர் கையெழுத்திட்ட படம் எப்படிப் பழையதாகும்? ஊர் இல்லை என்று நான் எழுதினால், இல்லாத ஊரை மன்னர் அறிவித்தார் என்று ஆகும். அப்படியொரு கோப்பு நம் துறையிலிருந்து போகலாமா? நீங்களே சொல்லுங்கள்."

அந்த வாரமே மன்னர் அரண்மனையில் இருந்தபடி பொத்தானை அமுக்கி ஆலந்துறை அலுவலகத்தைத் திறந்துவைத்தார். அடுத்த வாரம் இன்னோர் ஆணை: திறக்கப்பட்ட கட்டடம் இல்லை என்று சொல்வது ராஜத்துரோகம்.

முதல் தேதி காலையில் கோதண்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரியின் பொறுப்பில் விட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள். மூன்று பஸ் நிறைய ஊழியர்கள். நாலரை மணிக்கு இறங்கியபோது எதிரே தண்ணீர்தான் இருந்தது, அக்கரை தெரியாத அளவுக்கு. கரையில் மேசை போட்டு, குடைக்குக் கீழே வித்யாபதி உட்கார்ந்திருந்தார். மேசையில் வருகைப் பதிவேடும், அச்சடித்த தாள்கள் ஒரு கட்டும் இருந்தன. சங்கிலி மட்டும் தண்ணீரைக் காட்டி, "அந்தாண்ட எங்க வீடு" என்று பொதுவாகச் சொன்னான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டோம் ஐயா. கையெழுத்துப் போடலாமா?" என்றாள் தில்லைநாயகி.

"அலுவலகத்துக்குள் ஆஜராக வேண்டும் என்பது விதி அம்மா. இது கரை."

ஐந்தடிக்க இருபது நிமிடம் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றினாள். புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. காலடியில் சேறு வழுக்கியது. கழுத்துக்குத் தண்ணீர் வந்ததும் கையைத் தூக்கினாள்.

"இருக்கேன் ஐயா."

வித்யாபதி எழுந்து நின்று வரைபடத்தைப் பார்த்தார். உண்மையிலேயே அக்கறையாகத்தான் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் உள்ளே அம்மா. ஓர் இருநூறு முழம் இருக்கும்."

அவள் திரும்பி வந்தபோது மற்றவர்கள் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்.' அவள் ஈரக்கை பட்டு மை கலைந்துவிட்டது. வித்யாபதி வேறு தாள் கொடுத்தார்.

"நிதானமாக எழுதுங்கள். இங்கே யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை."

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் கோதண்டம் படுக்கைக்காகக் காத்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனிடம் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் இருந்த டிவியில் மன்னர் பேசினார். தலைநகரில் நெரிசல் தீர்ந்துவிட்டது, இத்தனை பெரிய மாற்றத்தில் ஓர் ஊழியரைக்கூட இந்த அரசு வேலையை விட்டு நீக்கவில்லை என்றார். காத்திருந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். கோதண்டமும் தட்டினான்.

"பரவாயில்ல நாயகி, நல்ல மனுஷன்தான். உன் வேலை போயிடுமோன்னு நான்தான் வீணா பயந்துட்டு இருந்தேன்."

நர்ஸ் வந்து அவள் முன்னால் கையை நீட்டினாள்.

"கார்டு குடுங்கம்மா."