வஞ்சிரத்துக்கு நான்காவது ஃபிரேம்வொர்க்

வலைப்பக்கம் கட்டுகிறவர்களில் ஓர் இனம் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் மறுபடி எழுதியார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எங்கள் ஊர் ஒயிட் டவுனில் எந்தக் காபிக் கடைக்குள் நுழைந்தாலும் இவர்களில் ஒருவரையாவது பார்க்கலாம். பிளக் பாயின்ட்டை ஒட்டிய மேசை, மூடியே தெரியாத அளவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப், பாதி கடித்து வைத்த குவாசான் ரொட்டி, இரட்டை வேகத்தில் ஓடும் வெளிநாட்டுக் கருத்தரங்க வீடியோ, முகத்தில் சற்று முன்புதான் மதம் மாறியவரின் பூரிப்பு. நேற்றுவரை தான் செய்ததெல்லாம் தப்பு என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதில் அவருக்கு எத்தனை சந்தோஷம் என்கிறீர்கள்!

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நீங்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரிகிறது, படம் நகர்கிறது, நிறம் மாறுகிறது. அதையெல்லாம் உங்கள் போனுக்குள்ளேயே உட்கார்ந்து செய்கிற நிரல்களைச் சீக்கிரமாக எழுத, முன்கூட்டியே பாதி கட்டி வைத்த சாரங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவைதான் ஃபிரேம்வொர்க். பெயர்களைச் சொல்லமாட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவை பழசாகிவிடும், எனக்கு விவரம் போதாது என்று யாராவது எழுதிப் போடுவார்கள். நல்ல கருவிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் மறுபடி எழுதியாருக்குச் சாரம் கட்டுவதில்தான் மோகம். சுவர் எழும்ப ஆரம்பித்தால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். "இது ஸ்கேல் ஆவாது" என்பார், கூட்டம் பெருகினால் தாங்காது என்று அர்த்தம். பேச்சில் 'கிளீன்' என்ற சொல் நிமிடத்துக்கு மூன்று முறை வரும். ஒரு பொத்தானின் மூலையை வளைப்பதற்காக, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் எழுதிய ஆயிரம் நிரல்பொதிகளை இறக்கிக்கொண்டு, அது இறங்கி முடியும்வரை டீ குடிக்கப் போவார். பக்கம் திறக்கத் தாமதமாகிறதா? அதைச் சரிசெய்யமாட்டார், காத்திருக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க அழகான சக்கரம் ஒன்றைச் சுற்றவிடுவார். கேட்டால், "யூசருக்கு போரடிக்கக் கூடாது சார்."

என் பக்கத்து வீட்டு இளம்பரிதி இந்த இனத்தில் உயர்ந்த ரகம். மூலக்குளத்தில் அடுத்தடுத்த வீடு, ஒரே கம்பெனி. அவர் கட்டுவார், நான் அதில் குற்றம் கண்டுபிடிப்பேன், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு அவமானமாகும் இடம் வருகிறது.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவர் வைத்திக்குப்பம் தில்லையம்மாள். அவரும் இன்னும் பதினோரு பெண்களும் குழுவாகச் சேர்ந்து துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடை சுமந்து வீடு வீடாக விற்கிறார்கள். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்த ஒரு நாள், அவர் என் வாசலுக்கு வந்தார். மெயின் ரோட்டில் ஏசி போட்ட மீன் கடை ஒன்று திறந்திருந்தது. பாதி வீடுகள் அங்கே போக ஆரம்பித்திருந்தன.

"தடை முடிஞ்சி மொத ஞாயித்துக்கெழம தான் சார் எங்களுக்கு உசுரு. அன்னிக்கி விட்டா வீடுங்க எல்லாம் கடையோடவே போயிடும். யாரு வூட்டுக்கு என்னா மீனு, எத்தினி கிலோ, இது சனிக்கெழமயே தெரிஞ்சா போதும். தைரியமா ஏலம் கேப்போம். இத போன்ல பண்ணித்தர முடியுமா?"

"முடியுமாவா? பக்கத்து வீட்டிலேயே ஆள் இருக்கிறார்" என்று சிபாரிசு செய்தவன் நான்தான்.

இளம்பரிதி நல்ல பிள்ளை, காசு வேண்டாம் என்றார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து, எந்த ஃபிரேம்வொர்க்கும் இல்லாமல், வெள்ளையாக ஒரு பக்கம் எழுதினார். பெயர், வீட்டு எண், மீன், எடை, ஒரு பொத்தான். நான் அழுத்தினேன். தில்லையம்மாளின் மருமகள் பாக்யலட்சுமி கையிலிருந்த போன் உடனே 'டிங்' என்றது. அவள் வாய்விட்டுப் படித்தாள். "சங்கரா, ரெண்டு கிலோ!" தில்லையம்மாள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வேலை முடிந்துவிட்டது. தடைக்காலத்தில் இன்னும் ஐம்பத்தெட்டு நாள் மிச்சம்.

அங்கேதான் ஆபத்து. மறுபடி எழுதியார் கையில் ஐம்பத்தெட்டு நாளைக் கொடுக்கலாமா?

மறுநாள் காலை இளம்பரிதி முகம் வாடி வந்தார். "அண்ணே, அது பாக்கவே அசிங்கமா இருக்கு. நாளைக்கி ஒரு லட்சம் பேரு ஒரே நேரத்துல வந்தா என்னாவும்?" எங்கள் தெருக்களில் மொத்தம் எண்பது வீடு, நாய்களையும் சேர்த்தால் நூற்றுப்பத்து என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. வெள்ளைப் பக்கத்தை அழித்துவிட்டு முதல் ஃபிரேம்வொர்க்கில் ஆரம்பித்தார். இரண்டு வாரத்தில், திரையில் வஞ்சிரத்தின் படத்தைத் தொட்டால் அது வாலை ஆட்டியது. அதற்குள் அந்த ஃபிரேம்வொர்க்கை எழுதியவரே அதைப் பற்றி வருத்தப்பட்டு எங்கோ பேசியிருந்தார். உடனே இரண்டாவது. அதில் இரவு நிறம், பகல் நிறம் என்று இரண்டு தோற்றம் வந்தது. மீன் வாங்க யாருக்கு இரவு நிறம் வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டால் உங்களுக்கு இந்தத் தொழில் புரியவில்லை என்று அர்த்தம். மே மாதக் கடைசியில் மூன்றாவது. "இது வேற லெவல் அண்ணே, ரொம்ப கிளீன்."

இடையிடையே தில்லையம்மாள் வந்து எட்டிப் பார்ப்பார். "ஆச்சா தம்பி?"

"ஆச்சுக்கா, தொண்ணூறு பர்சன்ட்."

தொண்ணூறு சதவீதம் என்பது இந்த இனத்தார் நிரந்தரமாகக் குடியிருக்கும் முகவரி. மீதிப் பத்தில் என்ன இருந்தது தெரியுமா? ஆர்டரைப் பாக்யலட்சுமியின் போனுக்குக் கொண்டுபோகும் வழி. அதில் வால் ஆட்ட எதுவும் இல்லை, நிறம் மாற்ற எதுவும் இல்லை, வெளியே யாருக்கும் தெரியாது. ஆகவே அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, அதுவரைக்கும் பொத்தானை அழுத்தினால் பக்கம் தனக்குத்தானே 'சரி' என்று சொல்லிக்கொள்ளும்படி தற்காலிகமாக ஒரு வரி போட்டிருந்தார். தற்காலிகம்!

படகுகள் கடலுக்குப் போன வாரம், மூன்றாவது பக்கத்தை என்னிடம் காட்டினார். வஞ்சிரம் ஒரு கிலோ தொட்டேன். திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் பொழிந்தன. 'உங்கள் மீன் உறுதி!' என்று எழுத்து துள்ளியது. குற்றம் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்குகிற நான் என்ன செய்தேன்? கை தட்டினேன். அந்த வஞ்சிரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை. முதல் நாள் கேட்ட 'டிங்' எனக்கு மறந்தே போயிருந்தது.

சனிக்கிழமை எங்கள் தெருக்களில் நாற்பத்து மூன்று வீடுகள் வண்ணக் காகித மழையில் நனைந்தன. இரண்டு மாதமாக நல்ல மீன் காணாத நாக்குகள். எதிர்வீட்டு தெய்வசிகாமணி ஐயா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர், பேரப்பிள்ளைகளுக்காக மூன்று கிலோ சொல்லியிருந்தார். என் மனைவி தாமரைச்செல்வி ஞாயிறு விடிந்ததுமே மசாலா அரைத்து, புளி ஊறப்போட்டுவிட்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

அதே நேரம் துறைமுகத்தில் பன்னிரண்டு பெண்களும் பாக்யலட்சுமியின் போனைச் சுற்றி நின்றார்கள். திரையில் ஒரு மீன் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே, 'இன்னும் ஆர்டர் எதுவும் இல்லை.' மிக அழகான மீன். இளம்பரிதி அதற்கு மூச்சு வாங்குவதுபோல வயிறு ஏறி இறங்கக்கூடச் செய்திருந்தார். கண்ணெதிரே வஞ்சிரமும் வவ்வால் மீனும் கூடை கூடையாக ஏலம் போயின. ஒரு வீடும் கேட்காத மீனை எந்தத் தைரியத்தில் எடுப்பது? விலை மலிந்த காரப்பொடி மீன் இரண்டு கூடை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார்கள்.

அப்புறம் எங்கள் தெருவில் நடந்ததை விவரிக்க எனக்கு மனமில்லை. "உறுதின்னு போட்டுட்டு ஏமாத்துறீங்களா?" என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். தில்லையம்மாளுக்கு எதற்குத் திட்டுகிறார்கள் என்றே புரியவில்லை. தெய்வசிகாமணி ஐயா சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மெயின் ரோட்டு ஏசி கடைக்கு நடந்தார். அவர் பின்னால் தெருவே போயிற்று.

திங்கட்கிழமை காலை தில்லையம்மாள் இளம்பரிதி வீட்டு வாசலில் வந்து நின்றார். நானும் போய் நின்றேன். சண்டை போடுவார் என்று பயந்தேன், போட்டிருக்கலாம்.

"தம்பி, மொத நாளு வெள்ளையா ஒண்ணு காட்டினியே, டிங்குன்னு சத்தம் வந்துச்சே. அது எங்க?"

"அது... அழிச்சிட்டேங்க்கா."

"ஏம்ப்பா? நல்லாத்தான இருந்துச்சி?"

இளம்பரிதி தலையைக் குனிந்துகொண்டார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது, பாவம். பத்து நொடி இருக்கும். பிறகு தலை நிமிர்ந்தபோது அந்தப் பழைய பூரிப்பு முகத்தில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"தப்பு எங்கன்னு தெரிஞ்சிடுச்சிக்கா. இந்த ஃபிரேம்வொர்க்கே சரியில்ல. நேத்து ஒண்ணு புதுசா வந்துருக்கு. ரெண்டே வாரம் டைம் குடுங்க."

தில்லையம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முன்பு தனக்கு நாற்பது வீடு இருந்த தெருவில், எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நடந்து போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் மடிக்கணினியையே தொடாதவராக இருக்கலாம். அதனால் தப்பித்துவிட்டதாக நினைக்கவேண்டாம்; இந்த நோய்க்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இதோ இந்தச் சித்திரத்தையே எழுத உட்கார்ந்த நான், எழுத்துரு சரியில்லை என்று நான்கு முறை மாற்றிவிட்டுத்தான் முதல் வரியை எழுதினேன். தில்லையம்மாளை நேரில் பார்த்து, "கை தட்டியவன் நான், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவேண்டிய ஒரு வரி மட்டும் இன்னும் பாக்கி. அதை எப்படி அழகாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடமும் யாரோ ஒருவர் எப்போதோ ஒரு சின்ன வேலை சொல்லியிருப்பார். இன்னும் சிறப்பாகச் செய்து தரலாம் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? கொஞ்சம் எழுந்து போய் வாசலைப் பாருங்கள். அவர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாரா, போய்விட்டாரா?